ஒன்றிய அரசு நல்கையின் நிச்சயமின்மையும் கல்லூரி ஆய்வுத் திட்ட மேலாண்மையும்: வியாசர்பாடிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வு நல்கைக்கு ஒப்புதல் கிடைப்பதும் பணம் கைக்கு வருவதும் வெவ்வேறு நிகழ்வுகள். இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தைத் தாங்கும் வைப்பு நிதி அரசு கலைக் கல்லூரிகளிடம் இல்லை. ஆகவே, அந்த இடைவெளியின் சுமை திட்ட உதவியாளர் மீதே விழுகிறது. முதல் தவணையைச் செலவிடும் வரிசைமுறையால் இச்சுமையைக் குறைக்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வு நல்கை, தவணை, பயன்பாட்டுச் சான்றிதழ், திட்ட உதவியாளர், வியாசர்பாடி.

முன்னுரை

வடசென்னையின் வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இயங்கி வருகிறது. இத்தகைய அரசு கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியத்தை மாநில அரசு வழங்குகிறது. ஆய்வுத் திட்டங்களுக்கோ பெரும்பாலும் ஒன்றிய அரசின் நிறுவனங்களையே நாட வேண்டியுள்ளது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான மீனவர், துறைமுகத் தொழிலாளர் ஆகியோரின் தொழிற்சொற்களைத் தொகுக்க விரும்பும் தமிழ்த்துறை ஆசிரியருக்கும் இதுவே நிலை. முதிய தகவலாளிகளைக் கொண்ட இத்தகைய கள ஆய்வு, நிதி வரும்வரை காத்திருக்கக் கூடியதன்று.

நிச்சயமின்மையின் தோற்றுவாய்கள்

முதலாவது, திட்டங்களே மாறுவது. கல்லூரி ஆசிரியர்களுக்குப் பெரிதும் உதவிய பல்கலைக்கழக மானியக் குழுவின் பெருந்திட்ட, சிறுதிட்ட நல்கைகள் இன்று இல்லை. மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23ஆம் கல்வியாண்டு முதல் நிறுத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு அறிவிக்கப்பட்ட 50,000 கோடி ரூபாயில் ஏறத்தாழ 36,000 கோடி அரசு சாரா மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பதே அதன் திட்டமாகும்.

இரண்டாவது, வரவுசெலவுத் திட்டத்தின் கால அட்டவணை. பொதுத் தேர்தல் ஆண்டான 2024இல் பிப்ரவரி 1 அன்று இடைக்கால வரவுசெலவுத் திட்டமும் ஜூலை 23 அன்றே முழுமையான திட்டமும் முன்வைக்கப்பட்டன.

மூன்றாவது, கணக்கு நடைமுறை. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கப்பட வேண்டும். நல்கைத் தொகைக்குக் கிடைத்த வட்டியும் ஒன்றிய அரசுக்குத் திரும்பச் செலுத்தப்பட வேண்டும். சான்றிதழ் தாமதித்தால் அடுத்த தவணையும் தாமதிக்கும்.

நெருக்கடி தில்லியிலிருந்து மட்டுமே வருவதன்று. வரி நிலுவை தொடர்பாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை 2024 பிப்ரவரியில் முடக்கியதை இங்கு நினைவுகூரலாம்.

வைப்பு நிதி என்னும் வேறுபாடு

2025 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டரசு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குரிய 220 கோடி டாலர் நல்கையை முடக்கியது. அடுத்த மாதமே அப்பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து 25 கோடி டாலரை ஆய்வுகளுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. இழப்பை இது ஈடுசெய்யவில்லை எனினும் அவகாசம் அளித்தது. அரசு கலைக் கல்லூரியின் முதல்வரிடம் அத்தகைய நிதி இல்லை. எனவே, அவகாசத்தை முதல் தவணைக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

முதல் தவணை: ஒரு கணக்கீடு

விளக்கத்திற்காக ஒரு திட்டத்தைக் கற்பனையாகக் கொள்வோம். மொத்தம் 10 இலட்சம் ரூபாய். காலம் 24 மாதங்கள். முதல் தவணை 4 இலட்சம். அது அக்டோபர் தொடக்கத்தில் வருகிறது. உதவியாளர் ஊதியம் மாதம் 20,000. களப்பணிச் செலவு மாதம் 6,000.

கருவிகளுக்கு 1,20,000, கருத்தரங்கிற்கு 80,000 எனத் தொடக்கத்திலேயே செலவிட்டால் எஞ்சுவது 2 இலட்சம். அது ஏழு மாதங்களுக்கே போதுமானது. மே மாதத்தில் ஊதியம் தடைபடும். மார்ச் முடிவிலான கணக்கைத் தணிக்கை செய்து சான்றிதழ் அனுப்பும் பணி அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். ஊதியமின்றி உதவியாளர் விலகிச் சென்றால், தகவலாளிகளிடம் அவர் பெற்றிருந்த நம்பிக்கையும் அவருடன் போய்விடும்.

மாறாக, பன்னிரண்டு மாத ஊதியத்திற்கும் களப்பணிக்கும் 3,12,000 ரூபாயை முதலில் ஒதுக்கினால், எஞ்சும் 88,000 ரூபாயில் ஒலிப்பதிவுக் கருவி முதலிய இன்றியமையாதவற்றை வாங்கலாம்; கருத்தரங்கை இறுதித் தவணைக்குத் தள்ளலாம். பணி அடுத்த செப்டம்பர் வரை தடையின்றி நடைபெறும். தொகை மாறவில்லை, செலவின் வரிசை மட்டுமே மாறியது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. முன் தவணையில் குறிப்பிட்ட பங்கு செலவான பின்னரே அடுத்ததைக் கோரலாம் என்னும் நிபந்தனை இருப்பின், மிகுதியான சிக்கனமே தாமதத்திற்குக் காரணமாகிவிடும். அவ்வாறே, பணம் கல்லூரிக் கணக்கிற்கு வராமல் மையக் கணக்கிலேயே இருந்து வரம்பு மட்டும் ஒதுக்கப்படும் முறையில், பயன்படுத்தாத வரம்பு மார்ச் 31 உடன் காலாவதியாகிவிடும். அங்குச் சேமித்து வைத்தல் பயன்தராது. ஊதியத்தை மாதந்தோறும் தவறாது எடுத்து வழங்குவதே முறையாகும். ஆகவே, ஒப்புதல் ஆணையின் நிபந்தனைகளை வாசித்த பின்னரே செலவுத் திட்டத்தை வகுத்தல் வேண்டும்.

கடைப்பிடிக்கத்தக்க நடைமுறைகள்

பற்றுச்சீட்டுகளைத் தலைப்புவாரியாக மாதந்தோறும் பதிந்து வந்தால், ஏப்ரலிலேயே கணக்கைத் தணிக்கைக்கு அளிக்க இயலும். அடுத்த தவணை உறுதியற்றது என்பதை உதவியாளரிடம் பணியமர்த்தும்போதே எழுத்துவழித் தெரிவித்தல் அறமாகும். ஒலிப்பதிவுகளின் படிகளை அவ்வப்போது கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிட்டால், திட்டம் இடையில் நின்றாலும் தரவு அழியாது. ஆய்வினைத் தனித்து நிற்கக்கூடிய பகுதிகளாகப் பிரித்துக்கொள்வதும் நன்று. இராயபுரச் சொற்றொகுதி முதலாண்டிலேயே நிறைவுற்றால், எண்ணூர்ப் பகுதிக்கு நிதி வராவிடினும் அது முழுமையான ஆய்வாகவே நிலைபெறும்.

முடிவுரை

ஒன்றிய அரசின் நிதி முடிவுகளைக் கல்லூரி ஆசிரியரால் மாற்ற இயலாது. ஆயினும், பணம் தாமதிக்கும்போது முதலில் பாதிக்கப்படுபவர் யார் என்பதை அவரது செலவுத் திட்டமே தீர்மானிக்கிறது. கருவியைப் பின்னர் வாங்கலாம். கருத்தரங்கைப் பின்னர் நடத்தலாம். பயிற்சி பெற்ற உதவியாளரையும் முதிய தகவலாளியின் நினைவையும் பின்னர் மீட்டெடுக்க இயலாது. முதல் தவணை இவ்விரண்டையும் காப்பதற்கே முன்னுரிமை பெற வேண்டும்.