சோமாலிலாந்து: நெடுங்காலம் அங்கீகாரம் கிடைக்காதிருந்த ஓர் அரசு

ஹஜ் காலத்தில் ஜித்தாவில் வந்திறங்கும் ஆடுகளில் ஒரு பெருந்தொகை பெர்பெரா துறைமுகத்தில் ஏற்றப்பட்டவை. பெர்பெரா எந்த நாட்டில் இருக்கிறது என்று உயர்தர வகுப்பில் கேட்டேன். வரைபடத்தைப் பார்த்து "சோமாலியா, சேர்" என்றார்கள். ஐ.நா. கணக்கும் அதுதான். ஆனால் பெர்பெராவில் ஓடுவது சோமாலிலாந்தின் பணம், பறப்பது அதன் கொடி, கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதும் அதன் அதிகாரிதான். 1991இல் தனி அரசென்று அறிவித்த பின் 2025 டிசம்பர் வரை, முப்பது வருடங்களுக்கு மேலாக, ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை ஏற்காமல் இருந்தது.

அங்கீகாரம் அதற்கு ஒருமுறை கிடைத்துத்தான் இருந்தது, ஐந்தே நாளைக்கு. 1960 ஜூன் 26இல் பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது. ஜூலை 1இல் இத்தாலியரின் கீழிருந்த தெற்கும் விடுதலை பெற, அதனோடு தானாகவே போய் இணைந்தது. பிறகு நடந்தது கொடுமை. 1988இல், சியாத் பர்ரேயின் ஆட்சியில், ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்து எழும்பிய விமானங்கள் ஹர்கெய்சா நகரத்தின் மீதே குண்டு போட்டன. அந்த விமானங்களில் ஒன்று இன்றும் நகர நடுவில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

ஓர் அரசுக்கு என்ன வேண்டும்? 1933ஆம் ஆண்டின் மொண்டிவிடியோ உடன்படிக்கை நான்கைச் சொல்கிறது: நிலையான மக்கள், எல்லையுள்ள நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் ஆற்றல். மற்றவர்களின் அங்கீகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அது இல்லாமல் நான்காவதைச் செய்து காட்டுவது லேசான வேலையா? ஆபிரிக்க நாடுகளுக்கோ வேறு பயம். ஒன்றுக்கு இடம் கொடுத்தால் எல்லா எல்லைகளும் ஆட்டங்காணும். விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று 1964இல் கெய்ரோவில் கூடித் தீர்மானித்தவர்கள் அவர்கள். சோமாலிலாந்துக்காரர் அதே தீர்மானத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள்: "நாங்கள் கேட்பதும் 1960 ஜூன் 26இல் இருந்த எல்லையைத்தானே!" வாதம் வலுவானது என்பதே என் எண்ணம்.

எனக்குப் பெரிதாகப் படுவது 1993இல் போராமாவில் நடந்த மஷூரா. கோத்திரப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். ஆயுதக் குழுக்களைக் கட்டுப்படுத்தவும், பெரியவர்களுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு மேலவை அமைக்கவும் இணங்கினார்கள். முஹம்மத் இப்ராஹீம் இகாலை ஜனாதிபதியாக்கினார்கள். 1960இன் அந்த ஐந்து நாட்களிலும் பிரதமராக இருந்தவர் அவர். சர்வதேசக் கடன் வாங்க வழியில்லாத அரசு, உள்ளூர் வியாபாரிகளிடம் கைநீட்டியது. கைநீட்டிய இடத்துக்குக் கணக்கும் சொல்ல வேண்டித்தானே இருக்கும்! 2003 ஜனாதிபதித் தேர்தலில் தேர்தல் ஆணைக்குழு அறிவித்த வித்தியாசம் வெறும் 80 வாக்குகள். தோற்ற சிலான்யோ வழக்குப் போட்டார், அதிலும் தோற்றார், ஆனால் துவக்கைத் தூக்கவில்லை. 2010இல் வென்று அதே கதிரைக்கு வந்தார்.

அதற்காக அங்கீகாரம் இல்லாதிருப்பதே நல்லது என்று சொல்ல வரவில்லை. 2000இல் கால்நடை நோயைக் காட்டி சவூதி போட்ட இறக்குமதித் தடை 2009 வரை நீடித்தது. ஆட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நொந்துபோயின. உலகம் ஏற்காத அரசு கொடுக்கும் சுகாதாரச் சான்றிதழுக்கு என்ன பெறுமதி?

இன்னொரு பக்கமும் இருக்கு. கிழக்கே லாஸ் அனோத் பகுதியின் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள், 2023 பெப்ரவரியில். தங்களுக்கு ஹர்கெய்சா வேண்டாம், மொகடிஷுவோடு இருக்கிறோம் என்று அறிவித்தார்கள். சோமாலிலாந்துப் படை அந்த நகரத்தின் மீது மாதக்கணக்கில் ஷெல் அடித்தது. ஆகஸ்டில் தோற்றுப் பின்வாங்கியது.