உங்களுக்குத் தெரியுமா? மலிவான கைக்கருவி எங்கே போதும், எங்கே போதாது

46 துண்டுகள் கொண்ட சாக்கெட் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல கட்டிங் பிளேயர் ஒன்றுதான் வரும். எதை வாங்கலாம்? விலையைப் பார்க்கும் முன், கருவி கைவிட்டால் அதோடு சேர்ந்து வேறு என்ன கெடும் என்று பார்த்துவிடுங்கள்.

● 'ஸ்டார்' ஸ்க்ரூ என்று நாம் சொல்லும் கூட்டல்குறி ஸ்க்ரூவை முதலில் யோசித்தவர் ஜான் தாம்சன். அவரிடமிருந்து உரிமையைப் பெற்று, திருத்தி, உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ். 1936-இல் காடிலாக் கார்களில் அது இடம்பிடித்தது.

இதன் குழியின் சுவர்கள் சரிவானவை. அதனால் திருப்பத் திருப்ப, முனை மேலேறி வெளியே வரப் பார்க்கும். நல்ல எஃகு என்றால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். மட்டமான முனை சில முறை வழுக்கியதுமே மழுங்கிவிடும். ஸ்க்ரூவின் குழியையும் வழித்துவிடும். பிறகு அந்த ஸ்க்ரூவை எந்தத் திருப்புளியாலும் கழற்ற முடியாது. துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். திருப்புளியில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு ஆசாரி கூலிக்குப் போகும். வீட்டுக் கதவு, ஸ்விட்ச் பெட்டி, அலமாரி ஆகியவற்றில் பெரும்பாலும் பொருந்துவது பிஎச்2 என்ற அளவு. ஒரே ஒரு கருவிக்குத்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால் என் ஓட்டு பிஎச்2 திருப்புளிக்கே.

● 'குரோம் வனேடியம்' என்ற முத்திரை இப்போது பல கருவிகளில் இருக்கிறது. வனேடியம் கலந்த எஃகை 1908-இல் வந்த மாடல் டி காரிலேயே ஹென்றி ஃபோர்டு பயன்படுத்தினார். நல்ல உலோகம்தான். ஆனால் எஃகைச் சரியான சூட்டில் காய்ச்சி, குளிர்வித்து, மறுபடி பதப்படுத்தினால்தான் உறுதி வரும். அது சரியாக நடந்ததா என்பதை முத்திரை சொல்லாது. பளபளப்பும் சொல்லாது, அது துருவைத் தடுக்கும் முலாம், அவ்வளவே. வாங்கிய பிறகு சோதிக்க ஒரு வழி உண்டு. பழைய அரம் ஒன்றின் விளிம்பைத் திருப்புளி முனையில் லேசாக இழுங்கள். வழுக்கினால் எஃகு கடினமானது. கடித்து இறங்கினால் மிருதுவானது, சீக்கிரம் மழுங்கும்.

● பிளேயரின் கைப்பிடியில் சிவப்போ மஞ்சளோ பிளாஸ்டிக் உறை இருந்தால் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை உயிரைப் பறிக்கக்கூடியது. மாட்டிய உறைகளில் பல பிடிமானத்துக்கு மட்டுமே. மின்வேலைக்கு உரிய கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்க வேண்டும். ஐஇசி 60900 என்ற உலகத் தரத்தின் அடையாளம் அது. அந்தத் தரப்படி செய்த கருவியை 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே விற்பனைக்கு அனுப்ப வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். குறி இல்லாத பிளேயரால் ஒயரைத் தொடுவதென்றால் மெயினை அணைத்த பிறகுதான். குறி இருந்தாலும் அணைத்துவிட்டுத் தொடுவதே சரி.

● லைன் டெஸ்டரில் விளக்கு எரியும்போது மின்சாரம் உங்கள் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அது தெரியாத அளவுக்குக் குறைவாக இருக்கக் காரணம், உள்ளே இருக்கும் நெல்மணி அளவு மின்தடை. அது சரியில்லாவிட்டாலோ உள்ளே ஈரம் இறங்கியிருந்தாலோ பாதுகாப்பு போய்விடும். நம் வீடுகளில் மிக மலிவாக வாங்கும் கருவி இதுதான். அதுவே எனக்குப் பெரிய கவலை.

இன்னொன்று: விளக்கு எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடாது. காலில் தடித்த ரப்பர் செருப்பு இருந்தாலோ, உள்ளே இருக்கும் நியான் விளக்கு செத்துப்போயிருந்தாலோ எரியாமல் போகலாம். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த பிளக் துளையில் முதலில் சோதியுங்கள். பிறகு சந்தேகமான இடத்துக்கு வாருங்கள்.

● சுத்தியலால் இன்னொரு சுத்தியலை அடிக்கவே கூடாது. இரண்டின் முகங்களும் கடினமாக்கப்பட்டவை. சில்லு தெறித்தால் நேராகக் கண்ணுக்கு வரும். மலிவான சுத்தியலில் வேறு ஆபத்தும் உண்டு: தலை கழன்று பறக்கும். கடையிலேயே கைப்பிடியைப் பிடித்துத் தலையை ஆட்டிப் பாருங்கள். துளி அசைந்தாலும் வேண்டாம்.

● இன்ச் டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது வேண்டுமென்றே ஆட விடப்பட்டது. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அது நகரும். அதனால் மாட்டி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் ஒரே அளவு வரும். நாடாவில் ரோமன் எண்ணில் II என்று அச்சிட்டிருந்தால் அது இரண்டாம் வகுப்புத் துல்லியம். 5 மீட்டரில் 1.3 மில்லிமீட்டருக்கு மேல் பிழை கூடாது. வீட்டுக்கு இது தாராளம்.

● ரசமட்டத்தை வாங்கும் முன் கடை மேசையில் வையுங்கள், குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்படியே இடவலமாகத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். இரண்டு முறையும் குமிழி மேசையின் ஒரே பக்கத்தை நோக்கி, அதே தூரத்தில் நின்றால் சாய்ந்திருப்பது மேசை. மாறினால் மட்டமே பொய் சொல்கிறது. விலை எதுவானாலும் இந்தச் சோதனையில் தப்ப முடியாது.

● எம்6 போல்ட்டுக்கு வழக்கமாக 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், எம்8-க்கு 13. ஜப்பானிய பாணி பைக்குகளில் எம்8-க்கே 12 வரும். திறந்த வாய் ஸ்பேனர் மலிவாக இருந்தால் அழுத்தம் கொடுக்கும்போது வாய் விரிந்து நட்டின் மூலைகளை உருட்டிவிடும். ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றிலும் பிடிப்பதால் அந்தத் தொல்லை குறைவு. பணம் குறைவென்றால் ரிங்கை வாங்குங்கள்.

● ஆக்ஸா பிளேடின் பற்கள் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தள்ளும்போதுதான் அது அறுக்கும். பிளேடை விறைப்பாக இழுத்துப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்து, சட்டத்தை மலிவாகவே வாங்கலாம். வெட்டுகிற வேலை பிளேடுடையது. நல்ல விலையை அதற்குக் கொடுங்கள்.

● பட்டித் தகடு, ஒரு முறை அடித்துவிட்டுப் போடும் பெயின்ட் பிரஷ், பசை காயும்வரை பிடித்திருக்கும் கிளிப், ஆணி போடும் டப்பா ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் வீண். 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஆடம் சாவேஜ், புதுக் கருவியை முதலில் மலிவாக வாங்கச் சொல்வார். அதைப் பயன்படுத்தும்போதுதான் நமக்கு என்ன தேவை என்று தெரியும். அதன் பிறகு நல்லதை வாங்கலாம். அருமையான யோசனை. மின்சாரத்தைத் தொடும் கருவிக்கு மட்டும் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

● கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் மெல்லிய ஒயரை அது வெட்டாது, மடித்துக் கடித்துக்கொண்டிருக்கும். மகாராஷ்டிரத்து நாசிக்கைச் சேர்ந்த டபாரியா நிறுவனம் 1969-இல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத் துணையோடு கைக்கருவி செய்யத் தொடங்கியது. எலக்ட்ரீஷியன் பைகளில் அந்தப் பெயரை அடிக்கடி பார்க்கலாம். இறக்குமதிதான் நல்லது என்று நினைக்க வேண்டியதில்லை.

● உத்தரப் பிரதேசத்து மீரட் கத்தரிக்கோலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய இரும்பை உருக்கிச் செய்வதால் விலை குறைவு. ஆனாலும் தாத்தா வாங்கியதைப் பேரன் பயன்படுத்துவான் என்று அதைப் பற்றி அங்கே சொல்வார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் லாரியின் பழைய வில் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்யும் அரிவாளும் இந்த வகைதான். மறுபடி மறுபடி தீட்ட முடிவதால்தான் இவை நீண்ட நாள் வருகின்றன. மெல்லிய தகட்டைப் பிளாஸ்டிக் பிடியில் பதித்த கத்தரிக்கோலைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அவரால் அதிகம் செய்ய முடியாது. வாங்கும்போது தகடு கனமாக இருக்கிறதா, நடுவில் இருப்பது கழற்றக்கூடிய திருகா, அடித்த ரிவெட்டா என்று பாருங்கள். திருகு என்றால் சாணை பிடித்த பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.