அரசிதழும் செய்தித்தாளும்

மாணவர்களே! அரசு வெளியிடும் இதழுக்கும் மக்கள் நடத்தும் செய்தித்தாளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவீர்களா? தொடக்கத்தில் இவ்விரண்டும் பிரிந்திருக்கவில்லை.

சென்னையின் முதல் செய்தித்தாள் ‘மெட்ராஸ் கூரியர்’. 1785ஆம் ஆண்டில் இவ்வார இதழைத் தொடங்கிய ரிச்சர்டு ஜான்ஸ்டன், கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் அச்சகர் ஆவார். ஆங்கிலத்தில் வெளிவந்த இவ்விதழ், அரசின் ஒப்புதலோடு அதன் அறிவிப்புகளைத் தாங்கி வந்தது. 1795இல் சென்னையில் தணிக்கை முறை புகுத்தப்பட்டது. அதே ஆண்டில், உரிமம் பெறாமல் ‘இந்தியா ஹெரால்டு’ என்னும் இதழை வெளியிட்டவர் கைது செய்யப்பட்டார்.

பின்னர் வழிகள் பிரிந்தன. அரசாணைகளை வெளியிடுவதற்கென்றே 1832இல் ‘புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ்’ தோன்றியது. 1835இல் தலைமை ஆளுநர் பொறுப்பிலிருந்த மெட்காஃப், உரிமம் பெறவேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்கினார். அச்சிடுவோர் தம் பெயரையும் அச்சகம் அமைந்த இடத்தையும் பதிவு செய்தால் போதும் என்றாயிற்று.

1878இல் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். ஓர் இந்தியர் அப்பதவி பெற்றதை ஆங்கிலேயரின் இதழ்கள் குறைகூறின. அதற்கு மறுமொழி கூற நம்மவர் விரும்பினர். எனவே ஜி. சுப்பிரமணிய ஐயர் முதலிய இளைஞர் அறுவர், 1 ரூபாய் 12 அணா கடன் பெற்று, ‘தி இந்து’ இதழை 80 படிகள் அச்சிட்டனர். ஆங்கிலம் அறியாத மக்களுக்கும் செய்தி சென்றடைய வேண்டும் என்று கருதிய சுப்பிரமணிய ஐயர், 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தமிழில் தொடங்கினார். அவ்விதழ் 1899இல் நாளிதழாக வளர்ந்தது. 1904இல் பாரதியார் அதன் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அரசை எதிர்த்து எழுதியமைக்காக 1908இல் சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார்.

அரசிதழ் இன்றும் தேவையானதே. சட்டங்களும் ஆணைகளும் அதன் வழியாகவே முறைப்படி அறிவிக்கப்படுகின்றன. தொழிலாளர்க்குரிய குறைந்தபட்சக் கூலியைக் கர்நாடக அரசு தன் அரசிதழில் அறிவிக்கிறது. அக்கூலி பீன்யாவின் தொழிற்கூடங்களில் உழைப்போர் கைக்கு உண்மையில் சேர்கின்றதா என்று அரசிதழ் கேட்பதில்லை. அதனைக் கேட்டறிந்து எழுதுவது செய்தித்தாளின் கடமை.

ஆயினும் செய்தித்தாளுக்கும் பணம் தேவை. விளம்பரம் தருவோர்க்கு அஞ்சி அது வாய்மூடுமாயின், அரசிடமிருந்து பெற்ற விடுதலையால் பயனில்லை.

செயல்பாடு: இன்றைய நாளிதழிலிருந்து ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். அது அரசின் அறிவிப்பா, செய்தியாளர் நேரில் விசாரித்து எழுதியதா என்பதைக் காரணத்துடன் குறிப்பேட்டில் எழுதுக.