மண்பாதைகளின் வரலாறு: மதுரை–செங்கோட்டைப் பெருவழி சொல்லும் சான்றுகள்

பழைய கோட்டையையோ கோயிலையோ கண்டறிவதைவிடப் பழைய பாதையைக் கண்டறிவது கடினம். ரோமப் பேரரசின் முதன்மைச் சாலைகள் கல்லும் சரளையும் பரப்பிப் போடப்பட்டவை. பல இடங்களில் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. வயல்களுக்கு நடுவே சென்ற கிராமத்து வண்டித்தடங்கள் அப்படி அமைந்தவை அல்ல. பிரிட்டனில் அவற்றின் இருபுறமும் வெட்டிய வாய்க்கால்களை வைத்தே தொல்லியலாளர்கள் அவற்றை அடையாளம் காண்கிறார்கள். தூர்ந்துபோன வாய்க்காலில் ஈரம் கூடுதலாகத் தங்கும். வறண்ட கோடையில் அதன்மேல் உள்ள பயிர் மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். விமானத்திலிருந்து பார்த்தால் அது இரண்டு இணைகோடுகளாகத் தெரியும்.

தமிழகத்துப் பெருவழிகளும் பெரும்பாலும் மண்பாதைகளே. அவற்றை அறிய வேண்டுமானால், வழிநெடுகக் கிடைக்கும் காசுகள், கல்வெட்டுகள், ஈமக்காடுகள், மண்டபங்கள், சுமைதாங்கிகள் ஆகியவற்றை வரைபடத்தில் வரிசையாகக் குறித்துப் பார்க்க வேண்டும்.

கணவாய்களும் காசுகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுமையோடு கடக்கச் சில கணவாய்கள்தான் உண்டு. வடக்கே பாலக்காடு, நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு, தெற்கே செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவு. மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியில் மிளகு ஏற்ற வந்த ரோமக் கப்பல்களின் பொன்னும் வெள்ளியும் இந்த வழிகளில்தான் உள்நாட்டுக்கு வந்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அங்கிருந்து கிழக்கே நொய்யல் கரையில் கொடுமணல், அமராவதிக் கரையில் கரூர் என ரோமத் தொடர்பு காட்டும் ஊர்கள் நீள்கின்றன. இந்தப் புள்ளிகளை இணைத்தால் முசிறியிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் வரை ஒரு பெருவழி தெளிவாகிறது.

கல்லில் பொறித்த வழிகள்

மதுரையைச் சுற்றியுள்ள குகைகளின் தமிழி (தமிழ்-பிராமி) பொறிப்புகளும் இதற்குத் துணை செய்கின்றன. அழகர்மலைக் குகையில் சமணத் துறவியருக்குக் கொடை அளித்தவர்களில் பொன் வணிகரும் உப்பு வணிகரும் அறுவை (துணி) வணிகரும் இருக்கிறார்கள். வணிகர் நடமாட்டம் உள்ள வழியை ஒட்டியே இத்தகைய குகைகள் பலவும் அமைந்தன.

பெருவழியின் பெயரையே சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. கோவை–பாலக்காடு வழியில் சுண்டக்காமுத்தூர் அருகே உள்ள பாறைக் கல்வெட்டு, சோழர் காலத்து இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டு மைல்கல், அதியமான் பெருவழியில் நாவற்றாவளம் என்ற இடத்துக்கு இன்னும் 29 காதம் (பழைய தொலைவு அளவு) உள்ளது என்கிறது. எண்ணோடு நிற்காமல், அதே தொலைவைப் பெரிய குழிகள் இரண்டாகவும் சிறிய குழிகள் ஒன்பதாகவும் வெட்டிக் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் தடவிப் பார்த்தே தொலைவை அறியலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழி

மதுரையிலிருந்து ஆரியங்காவுக்குச் செல்லும் வழி மலையடிவாரத்தை ஒட்டியது. திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், புளியங்குடி, தென்காசி என்று அது போகிறது. மேற்கே மலை, கிழக்கே கரிசல் காடு. மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் வண்டிச் சக்கரம் புதையும். அடிவாரத்திலோ தரை உறுதியானது. ஓடைகளிலும் கண்மாய்களிலும் தண்ணீர் கிடைக்கும்.

இந்த வழியில் தே.கல்லுப்பட்டியில் நடந்த அகழாய்வில் இரும்புக்கால ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே மூவரைவென்றானில் பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் இருக்கிறது. கிழக்கே, மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் வைப்பாற்றின் கரையில் வெம்பக்கோட்டை உள்ளது. அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சூதுபவளம் ஆகியவை அங்கே கிடைத்தன. சங்கு கடலிலிருந்து வந்தது. சூதுபவளமோ இந்த மண்ணில் கிடைக்காத கல். கடற்கரையையும் அடிவாரத்தையும் இணைத்த ஒரு குறுக்கு வழி இருந்ததை இவை உணர்த்துகின்றன.

நாயக்கர் காலச் சான்றுகள் சாலையோரத்திலேயே நிற்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்த பிறகே திருமலை நாயக்கர் மதுரையில் உணவு கொள்வார் என்றும், அந்தச் செய்தி வழிநெடுக இருந்த மண்டபங்களின் மணியோசையால் அவரை எட்டியது என்றும் இந்தப் பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. எஞ்சியுள்ள கல்மண்டபங்கள் அந்தக் காலத்துச் சாலை சென்ற இடத்தைக் காட்டுகின்றன.

நடந்து சென்றவர்களின் தடத்தைச் சொல்வது சுமைதாங்கி. நட்டு நிறுத்திய இரண்டு கற்கள்; அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல்; உயரம் ஏறத்தாழ ஓர் ஆளின் தோள் அளவு. தலைச்சுமையோடு வருபவர் யாருடைய கையையும் எதிர்பாராமல் சுமையை அதன்மேல் சரித்து இறக்கலாம்; இளைப்பாறிய பின் அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வீட்டார் இதை நட்டு வைப்பது வழக்கமாக இருந்தது. சாலை வேறு பக்கம் திரும்பிவிட்ட பிறகும் காட்டு நடுவே ஒரு சுமைதாங்கி நிற்குமானால், முன்பு ஆள் நடமாட்டம் அங்கே இருந்தது என்று கொள்ளலாம்.

பின்னால் வந்தவர்களும் இதே வழியைத்தான் தேர்ந்தார்கள். கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை 1904-இல் ஆரியங்காவு மலைவழியைக் கடந்தது. இராஜபாளையம் வழியாக விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-இல் வந்தது. திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-உம் இதே அடிவாரத்தில்தான் செல்கிறது.

இன்று அந்தச் சாலை அகலமாகிவருகிறது. அகலப்படுத்தும் பணியில் முதலில் அடிபடுவது சாலையோரக் கற்கள்தாம். எழுத்துள்ள கல்லோ, பழைய மண்டபமோ, சுமைதாங்கியோ கண்ணில் பட்டால் கிராம நிர்வாக அலுவலருக்கோ விருதுநகர் அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். மண்ணில் பழங்காசு கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். ஒரு கல் இடம் மாறினாலும் அது காட்டிய வழி அழிந்துவிடும். ஆகவே கல்லை அது நிற்கும் இடத்திலேயே காப்பதுதான் சரி.