வெள்ளம் வடிந்த வீட்டுக்கு உடனே பெயின்ட் பூசலாமா?

வெள்ளம் வடிந்ததும் எமது ஊர்களில் இரண்டு வேலைகள் அவசரமாக நடக்கும். ஒன்று, சேற்றை வாரி வீட்டைக் கழுவுவது. மற்றது, கையில் கிடைத்த பணத்தில் சுவருக்குப் பெயின்ட் பூசுவது. முதலாவது கட்டாயம் தேவை. இரண்டாவது பல வேளைகளில் காசை வீணாக்குவதோடு ஆபத்தையும் மறைத்து விடுகிறது.

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி பகுதிகளில் வீடுகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அப்படியான வீட்டையும் கூரை ஒழுகிய வீட்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. பாதிப்பின் அளவை அறிய மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, வந்தது என்ன நீர்? குடிநீர்க் குழாய் வெடித்து வந்தது சுத்தமான நீர். சலவை இயந்திரத்திலிருந்தும் குளியலறையிலிருந்தும் வருவது ஓரளவு அசுத்தமானது. மலசலகூடக் குழி நிரம்பி வந்த நீரும் ஆற்று வெள்ளமும் மிக மோசமானவை. சுத்தமான நீரும் இரண்டு நாள் தேங்கினால் கெட்டுவிடும். வெள்ளத்தில் ஊறிய மெத்தை, தலையணைகளைக் காயவைத்துப் பாவிப்பதை விட அகற்றுவதே நல்லது. எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் காலில் காயத்துடன் வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாது.

இரண்டாவது, எது எவ்வளவு நீரை உறிஞ்சியது? சிப்போர்ட் அலுமாரி ஊதி உதிர்ந்துவிடும். செங்கல்லும் சீமெந்துக்கல்லும் நீரை மேல்நோக்கி இழுக்கும். இரண்டு அடி வெள்ளம் நின்ற சுவரில் ஈரம் அதற்கு மேலும் ஏறியிருக்கும். அது முழுதாகக் காய வாரங்கள், சிலவேளை மாதங்கள் எடுக்கும். அதற்கு முன் பூசும் பெயின்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து உரியும். ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி மறுநாள் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

மூன்றாவது, நீர் எவ்வளவு நேரம் நின்றது? ஈரம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடித்தாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அது ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கெடுதி. நாட்கணக்கில் நின்றால் அத்திவாரத்து மண்ணே இளகலாம். கதவு, யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, திடீரென இறுகிப்போன கதவு, சாய்ந்த சுவர் ஆகியவை அதன் அறிகுறிகள். களிமண் சுவர்கள் வெள்ளம் வடிந்த பிறகும் இடிந்து விழுவதுண்டு. மலைச்சரிவில் நிலம் வெடித்திருந்தால் வீட்டை விட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

எந்த வகை வெள்ளமானாலும் நீரில் மூழ்கிய வயரிங்கை மின்னியலாளர் பரிசோதிக்கும் வரை மெயின் சுவிட்சைப் போடாதீர்கள்.

அனர்த்த காலங்களில் எமது பள்ளிவாசல்கள் சமைத்த உணவும் உலர் உணவும் வழங்குவதில் முன்னிற்கின்றன. அந்தப் பணி அத்தோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்த வாரமே ஒரு மேசனையும் ஒரு மின்னியலாளரையும் வீடு வீடாக அனுப்பி, இந்த மூன்று கேள்விகளின்படி ஒரு பட்டியல் தயாரிக்கலாம். பெயின்ட் கேட்கும் கல்வீட்டுக்கு முன், சுவர் சாய்ந்த விதவைத் தாயின் வீட்டுக்கு உதவி போய்ச் சேர அதுவே வழி.