ஆவணப் பட்டியல்களில் தொடரெண்ணின் பணியும் எல்லையும்

ரொறன்ரோ நகரின் சென் ஜேம்ஸ் ரவுண், ஈழத்தமிழர் கனடாவில் செறிந்து குடியேறிய தொடக்ககால இடங்களுள் ஒன்று. இத்தகைய குடியேற்றங்களிலிருந்து திரட்டப்படும் ஆலய மலர்கள், இறந்தோர் நினைவாக வெளியிடப்பெறும் மலர்கள் முதலியவற்றைத் தொடர்புசார் தரவுத்தளத்தில் பட்டியலிடும்போது எழும் முதல் வினா, ஒவ்வொரு பதிவையும் எதனால் இனங்காண்பது என்பதாகும்.

தலைப்பு இதற்கு உதவாது. ‘நினைவு மலர்’ என்னும் தலைப்புப் பல வெளியீடுகளுக்கு உண்டு. ஒருவரது பெயரே ஆங்கில எழுத்துகளில் பலவாறு எழுதப்படுகிறது. ஆதலால், வேறு பொருள் எதனையும் சுமக்காத எண்ணொன்றைத் தரவுத்தளமே ஒன்றன்பின் ஒன்றாக வழங்குமாறு அமைப்பர். 2003ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை இவ்வசதியை வரையறுத்துள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ ஒன்றை வழங்கிவருகிறது.

வழங்கப்பெற்ற எண் பொதுவாகத் திரும்பப் பெறப்படுவதில்லை. இருவர் ஒரே வேளையில் பதிவிடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திராமல் வெவ்வேறு எண்களைப் பெறுவர். ஒருவரது பதிவு இடையில் கைவிடப்படின் அவ்வெண் வெற்றிடமாகவே நிற்கும். எனவே, இறுதி எண்ணை ஆவணங்களின் மொத்தத் தொகையாகக் கொள்ளுதல் பிழை.

இவ்வெற்றிடம் குறையன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் 269ஆம் பாடல் அவ்வெண்ணாலேயே சுட்டப்படுகிறது. இடைவெளியை நிரப்ப எண்களை மாற்றியிருப்பின் பழைய மேற்கோள்கள் யாவும் வழுவாகியிருக்கும்.

அகநானூறு வேறொரு முறையைக் காட்டுகிறது. ஒற்றைப்படை எண்கள் பாலைக்கும், 2, 8 என முடிவன குறிஞ்சிக்கும், 4 முல்லைக்கும், 6 மருதத்துக்கும், 10 நெய்தலுக்கும் உரியன. 400 பாடல்களோடு நிறைவுற்ற தொகைக்கு இது பொருந்தும். நாளும் வளரும் பட்டியலில், ஓர் ஆவணத்தின் வகைப்பாடு திருத்தப்படுமாயின் அதன் எண்ணும் மாறவேண்டிவரும்.

தொடரெண்ணுக்கும் எல்லைகள் உண்டு. மைஎஸ்கியூஎல் 8.0க்கு முந்திய பதிப்புகளில், இறுதிப் பதிவை நீக்கி வழங்கியை மீளத் தொடங்கினால் நீக்கப்பட்ட எண் வேறோர் ஆவணத்துக்கு மீண்டும் வழங்கப்படக்கூடும். அதனைச் சுட்டிய ஆய்வுக் குறிப்பு அப்போது பிறிதொன்றைக் காட்டும். ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் தனித்தனியே தொகுக்கப்பெறும் இரு பட்டியல்களும் 1 என்றே தொடங்கும். அவற்றை இணைக்கும்போது நிறுவனக் குறியீட்டையும் எண்ணோடு சேர்த்தல் வேண்டும்.

எண்ணின் கடமை சுட்டுதல் ஒன்றே. வகையும் காலமும் இடமும் தத்தமக்குரிய புலங்களில் பதியப்பெறுதலே முறை.