இழுத்தால் இறுகும் பூட்டு



தோட்டத்து வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று நின்றால், ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பார்க்காத பிள்ளைகள் இல்லை. நல்லதுதான். நிபோங் திபாலிலிருந்து பாலம் கடந்து ஜார்ஜ்டவுன் மருத்துவமனைக்கு ஆளை ஏற்றிப் போகவேண்டிய வண்டியாயிற்றே! ஆனால் பெட்ரோல் வடிகட்டியை மாற்றுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. ரப்பர் குழாயைக் கவ்விய வளையத்தைத் தளர்த்தினால் குழாய் கழன்றுவிடும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின் கொண்ட பிற்கால வண்டிகள் பலவற்றில் குழாய் நுனியில் பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறது. நொடியில் கழற்றலாம் என்பார்கள். செம்மண் புழுதி அடைத்துவிட்டால் அரைநாள் ஆகும்!

இரும்புக் குழாயின் நுனிக்குச் சற்றுப் பின்னால் வளையம்போல் ஒரு மேடு உண்டு. பூட்டின் நாக்குகள் அந்த மேட்டைப் பிடித்திருக்கின்றன. நாம் இழுக்க இழுக்க நாக்குகள் மேட்டில் அழுந்துகின்றன. அப்போது எவ்வளவு அமுக்கினாலும் விடா. வீட்டுத் தாழ்ப்பாள் இறுகினால், கதவை முதலில் நெட்டிப் பிடித்துத் தளர்த்துகிறோம் அல்லவா? இங்கும் அதே வித்தைதான். முதலில் பூட்டைக் குழாயை நோக்கி உள்ளே தள்ளுங்கள். தள்ளியபடியே நாக்குகளை அமுக்குங்கள். அமுக்கியபடியே நேராக இழுங்கள். வராவிட்டால் பழைய பல்துலக்கியும் தண்ணீரும் கொண்டு புழுதியைக் கழுவி, இடமும் வலமுமாகச் சற்றுத் திருகிப் பாருங்கள். திருப்புளியால் நெம்பாதீர்கள். இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் முறிந்துவிடும். பிறகு குழாயையே வாங்க நேரும்.

நாக்கு வெளியே தெரியாத சில பூட்டுகளுக்குள் சுருள்கம்பி இருக்கும். அதற்கென்று உள்ள சிறு கருவி இல்லாமல் தொடவேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 இராத்தல் காற்றடிக்கிறோம். பெட்ரோல் குழாயில் பெரும்பாலும் 40 இராத்தலுக்கு மேல் அழுத்தம்; வண்டியை அணைத்த பிறகும் அது தங்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீறிடும். சூடான இன்ஜினில் பட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே பெட்ரோல் பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். ஆறியபின் பேட்டரி கம்பியைக் கழற்றி, பூட்டைச் சுற்றித் துணி போட்டுக்கொள்ளுங்கள். சிறிது பெட்ரோல் வடியத்தான் செய்யும். அடுப்பும் சிகரெட்டும் பிள்ளைகளும் தள்ளியிருக்கட்டும்.

திரும்ப மாட்டும்போது 'டிக்' என்ற ஓசை கேட்கவேண்டும். கேட்டாலும் ஒருமுறை பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பியூஸையும் பேட்டரி கம்பியையும் மாட்டி வண்டியை முடுக்கியதும் பூட்டினடியில் ஈரம் கசிகிறதா என்று கவனியுங்கள். கசிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.